பெயர் தெரியாத செடி: செயலியா, தோட்டக்காரர் குழுவா, ஹெர்பேரியமா?

செடியின் பெயரைக் கண்டுபிடிக்க மூன்று வழி: கைபேசிச் செயலி, தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு, உலர்த்திய செடிகளைப் பெயரிட்டுச் சேகரித்து வைக்கும் ஹெர்பேரியம். மூன்றையும் மஞ்சள் கரிசாலை என்ற மூலிகைக் கீரையை வைத்தே உரசிப் பார்க்கலாம். பூங்காக்களில் தரையை மூட நடும் வெடேலியாவை மஞ்சள் கரிசாலை என்று நம்பி வாங்கி, கீரையாகச் சமைப்பவர்கள் உண்டு. வெடேலியா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஆக்கிரமிப்புக் கொடி. இரண்டும் ஸ்பாக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே கூட்டம். இரண்டிலும் நீண்ட காம்பில் ஒற்றை மஞ்சள் பூ. ஆகவே பூவை மட்டும் படமெடுத்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இலைதான் காட்டிக்கொடுக்கும். வெடேலியா இலை பளபளப்பாக, தடிப்பாக இருக்கும். நுனிப்பக்கம் இருபுறமும் பிதுங்கி மூன்று மடலாகத் தெரியும். மஞ்சள் கரிசாலை இலை ஒடுங்கி ஈட்டி வடிவில் இருக்கும், மடல் பிரியாது. வெடேலியாவிலும் சில இலைகள் மடல் இல்லாமல் வரும் என்பதால் ஒரே கொடியில் பத்து இலையாவது பார்க்க வேண்டும்.

வேகத்தில் செயலியை அடிக்க ஆளில்லை. கூகுள் லென்ஸைவிட பிளாண்ட்நெட் மேல்: இலை, பூ, காய், பட்டை என்று பிரித்துப் பல படங்கள் ஏற்றலாம். ஐநேச்சுரலிஸ்டில் ஆட்களும் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் நட்டு வளர்த்தது என்று குறித்தால் பதிவு 'காஷுவல்' (ஆய்வுத் தரம் பெறாத) வகைக்குப் போய்விடும், பிறகு பார்ப்பவர்கள் குறைவு. தானாக முளைத்த களைக்கு அது நல்ல இடம். எந்தச் செயலியானாலும் பேரினம் வரைக்கும் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், அதுவும் தவறலாம். இனத்தின் பெயரை நம்பி வாயில் வைக்கக் கூடாது.

வீட்டுத் தோட்டத்துக்கு என் ஓட்டு வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். "கிள்ளினா பால் வருதா? கசக்கினா என்ன வாசம்? விதை போட்டதா, தானா வந்ததா?" என்று திருப்பிக் கேட்பது மனிதர்கள்தான். பால் வந்தால் கண்ணில் படாமல் கையைக் கழுவிவிடுங்கள். குழுவின் பலவீனம், முதலில் வந்த பதிலுக்கே எல்லோரும் தலையாட்டுவது. 'கீழாநெல்லி' என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள்: காய் வழவழப்பாகச் சிறு காம்போடு இருக்கிறதா, சொரசொரப்பாகக் காம்பே இல்லாமல் ஒட்டியிருக்கிறதா? இரண்டும் வேறு இனங்கள். எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் ஊகிப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

படம் இப்படி: அளவுகோலோடு முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலை தண்டில் எதிரெதிரா மாறிமாறியா என்று தெரியும் கணு, பூ முன்னாலும் பக்கவாட்டிலும், காய். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி இலை, தண்டின் மெல்லிய மயிர்களை மழுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். நாற்றுப் பருவத்தில் கேட்டுப் பயனில்லை. பூக்கும்வரை பிடுங்காமல் விடுங்கள்.

மருந்துக்கோ கீரைக்கோ என்றால் ஹெர்பேரியம்தான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பூவும் காயும் உள்ள ஒரு முழக் கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி, தினமும் தாளை மாற்றிக் காயவையுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும் என்பதால், பறித்த அன்றே நிறம், வாசம், இடம், தேதி நான்கையும் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.