பொலிஸ் கிளியரன்ஸ் இணையச் சேவை: தோட்டப்பக்கத்தில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கிற பொலிஸ் கிளியரன்ஸுக்காக (பெயரில் குற்றப் பதிவு உண்டா என்று காட்டும் பொலிஸ் அறிக்கை) கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை ஏற்றி, வங்கி அட்டையில் கட்டணம் செலுத்தலாம். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதையும் கிடைக்கிற இலக்கத்தை வைத்துப் பார்க்கலாம். மலையகத்து மஸ்கெலியாவில் இருக்கிறவருக்கு ஒருநாள் பேர் (நாள் சம்பளம்) மிச்சம். அந்த மட்டில் நல்ல சேவை.

முகவரியில்தான் முதலில் சறுக்கும். நீங்கள் குடியிருந்த பகுதிப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்த பிறகே அறிக்கை வரும். வெறும் தோட்டப் பெயரை எழுதினால் எந்த டிவிஷன் என்று தெரியாது. டிவிஷன், லயன் (வரிசை வீடு) இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு மூன்றையும் எழுதுங்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் தங்கிய வருடங்களையும் விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். பதிவுத் தபால் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடுவது வழக்கம். அங்கே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி, பலரும் வாய் திறந்து கேட்கத் தயங்கும் விஷயம். சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழி பௌர்ணமி முதல் வெசாக் வரை, ஹட்டன் பாதையில் மோப்ப நாய்களோடு சோதனை நடக்கும். கஞ்சாவோடு பிடிபட்ட பையன் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு, "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று வீட்டுக்கு வருவான். வழக்கு முடிந்தது உண்மைதான். ஆனால் குற்றத் தீர்ப்பு அவன் பெயரில் பதிவாகிவிட்டது. சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கிடைத்தவருக்கும் இதே நிலைதான். அது சிறைக்குப் பதிலான தண்டனை, விடுதலை அல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில், குற்றத் தீர்ப்பளிக்காமலே நீதவான் விடுவிக்கலாம். முதல் தடவை பிடிபட்ட இளைஞருக்கு இந்த வித்தியாசம் பெரியது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே சட்டத்தரணியிடம் இதைக் கேட்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

பிடிபடாமல், வழக்கில்லாமல், எப்போதோ பாவித்தது பொலிஸ் பதிவில் இராது. ஆனால் வெளிநாட்டுப் படிவங்கள் அதோடு நிற்பதில்லை. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதிக்கான (விசாவுக்கல்ல, அரசின் இரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைக்கான) எஸ்.எஃப். 86 படிவம், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடந்த 7 வருடப் போதைப்பொருள் பாவனையைக் கேட்கிறது. எவ்வளவு காலத்துக்கு முன், எத்தனை தடவை, சிகிச்சையை முடித்தாரா என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பழைய பாவனையை விட அதை மறைத்ததே பெரிய பாதகமாகிவிடும். அவுஸ்திரேலிய விசாவுக்கு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையானாலும் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் நன்னடத்தைச் சோதனையில் சிக்கும். புனர்வாழ்வு பெற்றவர்கள் அதை முடித்ததற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். இன்னும் விடமுடியாமல் தவிப்பவர் வீட்டில் இருந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இந்தச் சேவையின் பெரிய குறையும் இங்கேதான். பழைய தீர்ப்பு உள்ளவருக்கு அடுத்து என்ன செய்வதென்று படிவம் வழிகாட்டுவதில்லை. வழக்கு நடந்த நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெறுங்கள். சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, தண்டப்பணப் பற்றுச்சீட்டோடு விசா விண்ணப்பத்தில் இணையுங்கள். தவணைக்குப் போகாமல் பிடியாணை நிலுவையில் இருப்பவர், சட்டத்தரணியோடு நீதிமன்றத்தில் ஆஜராகி அதை மீளப்பெறச் செய்த பிறகே கிளியரன்ஸுக்குப் பணம் கட்டட்டும்.