கண்ணாடியில் ஒட்டும் ஐரிஸ் தகடு: நாற்பது தாண்டிய சுடுநருக்கு

எயார் ரைபிளில் இலக்கு சற்று மங்கினால் பரவாயில்லை, குழல் முனையில் உள்ள முன்குறி மங்கினால் குண்டுகள் ஓரிடத்தில் படாமல் சிதறும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு நடுத்துளையைச் சுருக்கவும் விரிக்கவும் கூடிய இந்தச் சிறு தகடு உண்மையாகவே உதவுகிறது. துளை சுருங்கச் சுருங்க முன்குறியும் இலக்கும் ஒன்றாகத் தெளியும்.

ஒட்டும் இடம்தான் முக்கியம். சுடும் நிலையில் நின்று, கண், மூக்குக்கண்ணாடி வில்லையின் எந்தப் புள்ளியால் பார்க்கிறதோ அங்கே ஒட்டுங்கள். வலக்கண்ணால் குறிபார்ப்பவருக்கு அது பெரும்பாலும் மூக்குப்பக்க மேல்மூலை. துளையை முழுதாகத் திறந்து, முன்குறியின் இரு ஓரங்களும் கூர்மையாகும்வரை மெல்லச் சுருக்குங்கள். 1 மில்லிமீற்றர் அளவில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் இருளும், ஓரமும் கலங்கும்.

குறை, ரப்பர் பிடிப்பு. மட்டக்களப்பு வெக்கையில் வியர்வை பட்டதும் வழுக்குகிறது; வில்லையை உலரத் துடைத்தே ஒட்ட வேண்டும்.

ஒரே வில்லையில் பவர் படிப்படியாக மாறும் புரொகிரெசிவ் கண்ணாடி வேண்டாம், தலை சாய்ந்தால் பவர் மாறிவிடும். நகரில் கண்ணாடி செய்விக்கும்போது தூரப்பார்வைப் பவருடன் +0.50 கூட்டி, ஒற்றைப் பவர் வில்லை கேளுங்கள். கண்ணில் புரை இருந்தால் தகடு போதாது. போதனா வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.