தேன் இல்லாத தேன்-கடுகு சாஸ்: எந்தக் கடுகு, எந்த இனிப்பு?

கடையில் 'ஹனி மஸ்டர்ட்' என்று விற்கும் மஞ்சள் சாஸில், விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகன் உணவுக்காரர்களுக்கு ஆகாதவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று தேன், மற்றொன்று முட்டை சேர்த்த மயோனைஸ். இரண்டையும் விலக்கிவிட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம், பெரிய வேலையில்லை. ஆனால் சமையல் குறிப்புகள் பலவும் "தேனுக்குப் பதில் எதைப் போடுவது?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால், அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. எந்தக் கடுகு, அதை எந்தத் தண்ணீரில் குழைப்பது, புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அங்கே சறுக்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேப்பிள் சிரப்பாலும் (மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய பாகு) அந்த சாஸைக் காப்பாற்ற முடியாது.

பாட்டில் கடுகா, அரைத்த கடுகா?

எண்ணெயில் வெடித்த கடுகுக்குக் காரம் கிடையாது, வறுபட்ட மணம்தான் உண்டு. காரணம் எளிது. கடுகுக்குள் காரம் காரமாகவே உட்கார்ந்திருப்பதில்லை. விதை நொறுங்கித் தண்ணீர் படும்போதுதான் மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. சூடு அந்த நொதியைக் கெடுத்துவிடும். அரைத்த கடுகுப் பொடியை உலர்ந்தபடி நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் லேசான கசப்புதான் தெரியும், எச்சில் ஊறிய பிறகு மெல்லச் சுடத் தொடங்கும். அதே பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்தால் நெடி நேராக மூக்கில் ஏறும். அந்தக் கட்டத்தில்தான் வினிகரை ஊற்ற வேண்டும். புளிப்பு நொதியின் வேகத்தை அடக்கி, உண்டான காரத்தைக் கலையவிடாமல் பிடித்து வைக்கும். முதலிலேயே வினிகர் ஊற்றிக் குழைத்தால் சாஸ் சாதுவாகிவிடும். வெந்நீரில் குழைத்தாலோ கசப்புதான் மிஞ்சும்.

கடுகிலும் இனம் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கருங்கடுகில் பிறக்கும் காரம் எளிதில் ஆவியாகி மூக்கைத் தாக்கும். மஞ்சள் கடுகின் காரம் ஆவியாகாது, நாக்கோடு நின்றுவிடும். அதனால் மஞ்சள் கடுகில் மட்டும் செய்த சாஸ் குழந்தைகளுக்கும் பிடிக்கும். கருங்கடுகில் மட்டும் செய்தால், நாகர்கோவில் பக்கத்து வெள்ளரிக்காய்க் கிச்சடியில் பச்சைக் கடுகை அரைத்துச் சேர்த்துப் பழகியவர்கள் தாங்குவார்கள், மற்றவர்கள் கண் கலங்குவார்கள். இரண்டையும் கலப்பதே நல்லது என்பேன். மஞ்சள் மூன்று பங்கு, கருப்பு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மஞ்சள் கடுகின் தோலில் வழுவழுப்பான பசை இருப்பதால் சாஸும் தானாகக் கெட்டிப்படும்.

பாட்டிலில் வருபவற்றில் இரண்டு வகைதான் இங்கே பேச வேண்டியவை. அமெரிக்க மஞ்சள் சாஸ் வெண்கடுகில், அதாவது மேலே சொன்ன அதே மஞ்சள் கடுகில் செய்தது, அதன் பளிச்சென்ற நிறத்துக்குக் காரணம் மஞ்சள்தூள். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஃபிரெஞ்ச்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை இது. காரம் குறைவு, வினிகர் தூக்கல். இனிப்பு சேர்த்தால் வெறும் இனிப்புப் புளிப்பாகவே நின்றுவிடுகிறது. பிரான்ஸின் டிஜான் வகை வேறு தரம். 1856இல் அந்த ஊரில் ழான் நெய்ஜோன் என்பவர் வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் சாற்றை ஊற்றிச் செய்ததிலிருந்து அதன் பெயர் ஓங்கியது. காரமும் வழுவழுப்பும் ஒருங்கே இருக்கும். அவசரத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சில டிஜான் பாட்டில்களில் வெள்ளை ஒயின் சேர்ந்திருக்கும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுத்த பொருளோ பயன்படுத்துவது உண்டு. கண்டிப்பான வீகன் என்றால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

தேன் விட்டுச் செல்லும் இடம்

தேனை எடுத்துவிட்டால் இனிப்போடு பிசுபிசுப்பும் புளிப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. தேனில் தண்ணீர் ஏறக்குறைய 17 முதல் 18 சதவீதம்தான், மேப்பிள் சிரப்பில் அது மூன்றில் ஒரு பங்கு. தேனின் அளவிலேயே மேப்பிள் ஊற்றினால் சாஸ் ஓடுகிறது என்று பலர் புலம்புவது இதனால்தான். தேன் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 4. எனவே எந்த மாற்று இனிப்பைப் போட்டாலும் வினிகரைச் சற்றே கூட்ட வேண்டும். இந்தச் சிறு திருத்தம் இல்லாமல் செய்த வீகன் சாஸ்கள் 'ஏதோ குறைகிறது' என்ற உணர்வைத் தருவது சகஜம்.

சுவை நடுநிலையாக, தேனுக்கு மிக அருகில் நிற்பது அகவே சிரப், கற்றாழை போன்ற அகவே செடியின் சாற்றில் செய்த பாகு. சர்க்கரையைவிட இனிப்பு அதிகம் என்பதால் குறைத்து ஊற்ற வேண்டும். ஆனால் மணம் என்று சொல்ல எதுவுமில்லை. மேப்பிளில் மணம் உண்டு. டிஜான் கடுகோடு அது அழகாகச் சேரும். ஒரு லிட்டர் சிரப்புக்கு மரச்சாறு சுமார் 40 லிட்டர் காய்ச்ச வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கிறது. பேரீச்சம்பழ சிரப் கருத்தது. சாஸை மஞ்சளிலிருந்து பழுப்புக்குக் கொண்டுபோய்விடும். பழச்சுவை கடுகை மூடும். கருப்பட்டியும் அப்படித்தான். நான் கருப்பட்டிப் பிரியன், ஆனாலும் இந்த சாஸில் அதன் புகைவாசம் தனித்து நின்று கடுகோடு மல்லுக்கு நிற்கிறது.

என் தேர்வு வெளிர் மஞ்சள் நிற அச்சு வெல்லத்தின் பாகு. மலிவு என்பதற்காக அதைச் சொல்லவில்லை. கால் கிலோ வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் தூசு போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றும்போது ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் வெல்லத்தின் சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். தேனில் பெரும்பங்கு இருப்பவையும் இதே இரண்டு சர்க்கரைகள்தான். பாகு ஃபிரிட்ஜில் பூத்துக் கட்டியாவதையும் இது தடுக்கும். பதம் முக்கியம். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. முழுக்க ஆறிய பிறகே கடுகில் சேருங்கள். சூடாக ஊற்றினால் கஷ்டப்பட்டு வரவழைத்த நெடி ஆவியாகிப் போய்விடும்.

புளிப்பும் கொழுப்பும்

புளிப்பில் பெரிய போட்டி இல்லை. சாதாரண வெள்ளை வினிகர் போதும், ஆப்பிள் சைடர் வினிகர் இருந்தால் மேல். எலுமிச்சை அன்றன்றைக்கு மட்டும் நன்றாக இருக்கும். புளிக்கரைசல் ஊற்றினால் அது சட்னி ஆகிவிடுகிறது. நல்ல சட்னிதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லை.

கொழுப்புக்கு வீகன் மயோனைஸ், ஊறவைத்த முந்திரி, எள் விழுது என்று மூன்று வழிகள். எள்ளின் கசப்பு கடுகின் கசப்போடு கூட்டணி சேர்ந்துவிடும் என்பதால் அதை ஒதுக்குவேன். மயோனைஸ் பளபளப்பைத் தரும். முந்திரி அடர்த்தியையும் மெல்லிய இனிப்பையும் தரும். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் குறையில்லை.

இரண்டு கிண்ணங்கள்

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் கிண்ணத்தில் டிஜான் கடுகு 3 மேசைக்கரண்டி, மேப்பிள் சிரப் 2, வீகன் மயோனைஸ் 3, வினிகர் ஒரு தேக்கரண்டி. கலக்கினால் ஐந்து நிமிடத்தில் தயார். பொரித்த காலிஃபிளவருக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இதை வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது கிண்ணத்துக்கு மஞ்சள் கடுகு 2 மேசைக்கரண்டி, கருங்கடுகு ஒன்றரைத் தேக்கரண்டி. சிறிது சிறிதாக, விட்டு விட்டு மிக்ஸியை ஓட்டிப் பொடியாக்கி, குளிர்ந்த தண்ணீர் 3 மேசைக்கரண்டி விட்டுப் பத்து நிமிடம் மூடுங்கள். பிறகு வினிகர் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறி ஆறிய முந்திரிப் பருப்பு 15, வெல்லப் பாகு 3 மேசைக்கரண்டி சேர்த்து விழுதாக அரையுங்கள். உடனே ருசி பார்த்தால் முரடாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால் கசப்பு அடங்கி, இனிப்பும் நெடியும் ஒன்றோடொன்று கைகோத்துவிடும். முதல் கிண்ணத்தில் கிடைக்காத ஆழம் இதில் இருக்கிறது. விருந்தாளி நாளை வருகிறார் என்றால் இதைத்தான் செய்வேன், இப்போதே வாசலில் நிற்கிறார் என்றால் முதலாவதை.

தேனையே கேட்காத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. வங்காளிகளின் காசுந்தி, கடுகைப் புளிக்கவைத்துச் செய்யும் சாஸ். மாங்காய் சேர்த்த வகையும் இருக்கிறது. இனிப்பு குறைவு, வீரியம் அதிகம். கல்கத்தாவில் பொரித்த பண்டங்களுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். நல்ல காசுந்தி பாட்டில் கையில் கிடைத்தால் அதில் வெல்லப் பாகை மட்டும் கலந்து பாருங்கள்.

முந்திரி சேர்த்த சாஸை நான்கைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். மயோனைஸ் சேர்த்தது ஒரு வாரம் வரை தாங்கும். கடுகு சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று, முந்திரியும் அந்தப் பட்டியலில் வருகிறது. பரிமாறும் முன் வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.