வாசிப்புக் கணக்கு நோட்டு: ஆறு வருஷம் எழுதிப் பார்த்ததில்

2019 ஜனவரியில் ஆரம்பித்தேன். வாரம் ஒன்று, வருஷத்துக்கு 52 புத்தகம் என்று ஃபோனில் ஒரு வாசிப்புச் செயலியில் இலக்கு வைத்தேன். பழக்கதோஷத்தில் ஒரு கணக்கு நோட்டிலும் அதையே எழுதி வந்தேன். செயலியை எப்போதோ நீக்கிவிட்டேன். நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

எண்ணிக்கை இலக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஆகஸ்ட் ஆனால் போதும், 'நீங்கள் 6 புத்தகங்கள் பின்தங்கியுள்ளீர்கள்' என்று செயலி சொல்லும். இரண்டு வயதில் போலியோ வந்து, காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டி நடக்கிறவன் நான். பின்தங்கியதை ஃபோனும் சொல்ல வேண்டுமா? டிசம்பரில் எண்பது பக்கப் புத்தகங்களாகப் பொறுக்கி 52-ஐத் தொட்டேன். அந்த மாதம் படித்ததில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. 2021-இல் இலக்கை 24 ஆகக் குறைத்தேன், அது சரியாக இருக்கிறது.

உருப்படியாக அமைந்தது நோட்டில் நானாகப் போட்ட ஒரு கட்டம்தான். தலைப்பு 'கால்'. கதையில் என்னைப் போல யாராவது வருகிறார்களா, கடைசியில் அவருக்கு என்ன ஆகிறது என்று அதில் குறிப்பேன். போகப்போகக் கண், காது, மனம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது, 2016 சட்டத்தில் 21. என் கட்டமும் அப்படி வளர்ந்ததுதான், தலைப்பை மட்டும் மாற்றவில்லை.

முதல் வருஷமே நாலு எழுத்து போதும் என்று தெரிந்துவிட்டது. செ: செத்தார். கு: குணமானார். தி: மற்றவருக்காக விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். கெ: கெட்டவர். 'ஹைடி' நாவலையும் 'தி சீக்ரெட் கார்டன்' நாவலையும் ஒரே மாதத்தில் படித்தேன். முதலாவதில் கிளாரா ஆல்ப்ஸ் மலையில் எழுந்து நடக்கிறாள், அடுத்ததில் காலின் என்ற பையன் தோட்டத்தில் நடக்கிறான். இரண்டுக்கும் கு. மலைக்காற்றும் ஆட்டுப்பாலும் போதும் என்றால் நான் எப்போதோ கொடைக்கானலில் குடியேறியிருப்பேன்.

கெ என்றதும் நமக்குக் கூனிதான். கம்பன் அவளை உள்ளே கொண்டுவரும்போதே 'கொடுமனக் கூனி' என்கிறான். முதுகின் வளைவும் மனசின் வளைவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. கெ என்று எழுதிவிட்டு மேலே படித்தால், பண்டை நாளில் இராகவன் வில்லிலிருந்து வந்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதை அவள் நினைத்துக்கொள்கிறாள். அவ்வளவு பெரிய காப்பியத்தில் அது போகிற போக்கில் வரும் ஒரு வரி. எனக்கு அதற்குமேல் படிப்பு ஓடவில்லை. என் பள்ளிக்கூட வராந்தாவில், காலிப்பரில் பட்டால் டங்கென்று சத்தம் வருகிறது என்பதற்காகவே கல் எறிந்த பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். யாரும் கெட்டவன் இல்லை, சும்மா விளையாட்டு. கெ-யை அடிக்கவில்லை. பக்கத்தில் 'அடி வாங்கியவள்' என்று எழுதி வைத்தேன்.

அப்புறம் ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவல். மூன்று முறை மூடி வைத்து நாலாவது முறைதான் முடித்தேன். உடல் குறைபாடுள்ளவர்களைப் பிச்சைக்கு வைத்துப் பிழைக்கிற வியாபாரி அவர்களை 'உருப்படி' என்றே எண்ணுகிறான். ஆனால் அந்த உருப்படிகள் தங்களுக்குள் கிண்டலடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிரியமாக இருக்கிறார்கள். என் நாலு எழுத்தில் எதுவும் பொருந்தாமல் கட்டத்தைக் காலியாக விட்ட முதல் புத்தகம் அது.

நான் தேடுவது பெரிய விஷயமில்லை. 'நொண்டி நொண்டி வந்தான்' என்று எழுதுகிறவர்கள், அவன் ராத்திரி காலிப்பரைக் கழற்றுவதை எழுதுவதில்லை. தோல் வாரின் வியர்வை நாற்றம், வார் பதிந்த இடத்தில் அரிப்பு, மழையில் நனைந்தால் மறுநாள் வார் விறைத்துக்கொள்வது, பாத்ரூமுக்கு எழுந்தால் மறுபடி மாட்டுவதா சுவரைப் பிடித்துப் போவதா என்ற யோசனை, எதுவும் வராது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசி பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில், ஹௌராவில். நல்ல செய்திதான். இனி எழுதுகிறவர்கள் காலிப்பரைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. நான் போகும் நூலகத்தில் நாளிதழ்கள் கீழே, கதைப் புத்தகங்கள் மாடியில், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முதல் வருஷம் ஏறி இறங்கினேன். பிறகு அங்கே இருக்கும் தம்பி, "அண்ணே, சீட்டுல எழுதிக் குடுங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்றான். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்ட புத்தகம் மட்டும் வரும். அலமாரி முன்னால் நின்று, பெயரே கேள்விப்படாத ஒன்றை உருவிப் பார்ப்பது போய்விட்டது. அதனால் மாதம் ஒரு தடவை மட்டும் வீம்புக்கு ஏறுகிறேன். அன்றைக்கு எடுத்த புத்தகங்களுக்கு நோட்டில் ஒரு படிக்கட்டு வரைந்து வைப்பேன்.

இந்த வருஷம் இதுவரை பதினொன்று. படிக்கட்டுப் படம் மூன்றுக்கு இருக்கிறது. இப்போது கையில் இருக்கும் நாவலில் காது கேளாத தையல்காரி ஒருத்தி வருகிறாள். நூற்று நாற்பது பக்கம் தாண்டியும் யாரும் அவளைக் குணப்படுத்த முயலவில்லை. துணி அளவில் ஏமாற்றிய வாடிக்கையாளரிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுகிறாள். கட்டத்தைப் பென்சிலில்கூட இன்னும் தொடவில்லை.