நடுவழியில் மின்சாரக் கார் நின்றால்: மூன்று ஆண்டு ஓட்டத்தில் கற்றவை

மின்சாரக் கார் வாங்கப்போவதாகச் சொன்னவுடன் உறவினர்கள், அலுவலக நண்பர்கள், குடியிருப்புக் காவலாளி என எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: நடுவழியில் சார்ஜ் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையிலிருந்து சேலம், மதுரை, கொடைக்கானல் என்று அதே காரில் போய்வருகிறேன். சார்ஜ் தீர்ந்து அது ஒருமுறைகூட நின்றதில்லை. நின்றதெல்லாம் வேறு காரணங்களால். ஒருமுறை சின்ன பேட்டரி, ஒருமுறை டயர், ஒருமுறை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி.

வண்டி எத்தனை கிலோமீட்டர் தருகிறது, மாதம் எவ்வளவு மிச்சம் என்பதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சாலையோரத்தில் நின்றுவிட்டால் என்ன என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். என்னுடையது முன்சக்கரத்தை மோட்டார் சுழற்றும் ரகம். 40 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. சொல்லப்போவது ஏறக்குறைய எல்லா மின்சாரக் கார்களுக்கும் பொருந்தும்.

என் அனுபவத்தில், நின்றுபோன மின்சாரக் காருக்குப் பெரிய ஆபத்து நல்லெண்ணத்தோடு ஓடிவரும் கைகளிடமிருந்துதான் வருகிறது. நம் ஊர் நெடுஞ்சாலையில் கார் நின்றால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் வந்துவிடுவார்கள். அந்தக் குணத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால், பெட்ரோல் காரில் பழகிய அவர்களுடைய கைவைத்தியங்கள் பலவும் இந்த வண்டிக்கு ஆகாதவை. கூடி நிற்பவர்களில் வண்டியைப் பற்றித் தெரிந்தவர் உரிமையாளர் ஒருவராகத்தான் இருப்பார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்தச் சின்ன பேட்டரி. உளுந்தூர்பேட்டை அருகே ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது. ஆனால் மின்சாரக் காருக்குள்ளும் சாதாரணக் காரில் இருப்பதுபோல 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, திரை, எச்சரிக்கை விளக்குகள், கணினிகள் எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் காண்டாக்டர் என்ற சுவிட்சுகளை மூடுவதற்கும் இந்த 12 வோல்ட் வேண்டும். அது செத்தால், கீழே 300 வோல்ட்டுக்கு மேல் நிரம்பிக் கிடந்தாலும் வண்டி அசையாது.

பக்கத்தில் நின்றிருந்த லாரி ஓட்டுநர் விஷயத்தைக் கேட்டார். கேபினுக்குப் போய்த் தடித்த கேபிளோடு திரும்பிவந்தார். "ஒரு நிமிடம் தம்பி, என் வண்டியிலிருந்து கொடுத்துவிடலாம்" என்றார். லாரியில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதைக் காரின் 12 வோல்ட் முனையில் வைத்தால் கணினிப் பெட்டிகள் வரிசையாக எரிந்துபோகக்கூடும். "அண்ணே, இது 12 வோல்ட் வண்டி. உங்களுடையது 24. தாங்காது" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு, என் வேலை முடியும்வரை கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து பானெட்டைத் தூக்கினேன். செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. இந்த இடம் முக்கியம். டிக்கி மின்சாரத்தால் திறப்பது. 12 வோல்ட் செத்த நேரத்தில் அதுவும் திறக்காது. டிக்கிக்குள் பூட்டிவைத்த கருவியால் யாருக்கு என்ன பயன்? சிவப்புக் கவ்வியைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்பைக் கையேடு காட்டும் உலோகப் புள்ளியிலும் மாட்டினேன். திரை விழித்துக்கொண்டது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் வேலை இங்கே இல்லாததால் சின்னக் கருவியே போதும். 'ரெடி' விளக்கு எரிந்துவிட்டால் பெரிய பேட்டரியே சின்னதற்குச் சார்ஜ் கொடுக்கத் தொடங்கிவிடும்.

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் காலையில் ஸ்டார்ட் ஆக முனகும், முன்கூட்டியே தெரிந்துவிடும். மின்சாரக் காரில் அந்த முனகல் கிடையாது. நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று ஒன்றுமே இல்லை என்பதுதான் இதன் இயல்பு. சென்னை வெயில் வேறு அதன் ஆயுளைக் குறைக்கிறது. இப்போது அவ்வப்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நிறைவு. 12-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. நிறுத்திவைத்த நேரத்திலும் பதிவு செய்யும் டேஷ் கேமரா வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மறுபக்கமும் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காரை உங்கள் மின்சாரக் காரிலிருந்து ஜம்ப் செய்து கிளப்பக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பெரும்பாலான கையேடுகள் அதைத் தடை செய்கின்றன. பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கித் தரும் நம் வண்டியின் மாற்றி, ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்துக்காகச் செய்யப்படவில்லை.

அடுத்தது தொப்பூர் கணவாய். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 கீழிறங்கும் இடம். கனரக லாரிகள் பிரேக் இழந்து ஏற்படுத்திய விபத்துகளுக்குப் பேர்போனது. அங்கேதான் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்து சக்தி குறையத் தொடங்கியது. மோட்டார் கைவிட்டாலும் ஸ்டீயரிங்கும் பிரேக் மிதியும் வேலை செய்தன. ஆக்சிலரேட்டரை விட்டதும் தானாக வேகம் குறையும் அந்தப் பிடிப்பு மட்டும் இல்லாமல் போயிற்று. இறக்கத்தில் அது இல்லாதது காலுக்கு உடனே தெரியும். நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் போட்டு, அகலமான ஓரம் வரும்வரை உருட்டிக்கொண்டுபோய் இடப்பக்கம் நிறுத்தினேன்.

அங்கே செய்ய வேண்டியது எந்தக் காருக்கும் பொதுவானது. ஆனாலும் இதைவிட முக்கியமான பகுதி இந்தக் கட்டுரையில் இல்லை. எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். பிரதிபலிப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். வளைவுக்குப் பிறகு நின்றுவிட்டால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். மின்சாரக் காரில் நின்றபடியே ஏசி ஓட்டலாம், புகை இல்லை, கார்பன் மோனாக்சைடு பயம் இல்லை, பல மணி நேரம் தாங்கும். அந்த வசதியே ஆளை உள்ளே உட்காரவைத்துவிடும். பெட்ரோல் பங்க் வளாகத்தில் நின்றால் தாராளமாக உட்காருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வெயிலானாலும் மழையானாலும் வெளியே நிற்பதுதான் உயிருக்கு நல்லது. என் அம்மா முணுமுணுத்தார். குடையை விரித்துக் கொடுத்துத் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்தேன்.

இறங்கும்போது வண்டியை முழுவதுமாக அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் நிலையில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல இதில் வழியில்லை. ஒரு குழந்தை உள்ளே ஏறி மிதியை மிதித்தால் முன்னால் நிற்பவர் மீது பாய்ந்துவிடும்.

1033-ஐ அழைத்தேன். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான அவசர எண் அது. ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்புகளை வைத்துக் காவல் நின்றது. அதற்குள் ஒருவர், "கயிறு இருக்கிறது, டோல்கேட் வரை மெதுவாக இழுத்துவிடலாம்" என்றார். இது கூடவே கூடாது. இந்தக் காரில் நியூட்ரலில் போட்டாலும் மோட்டார் சக்கரத்தோடு பிணைந்தேதான் இருக்கும். சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழலும். சுழன்றால் மின்சாரம் உற்பத்தியாகும். அதைக் கட்டுப்படுத்தும் கருவி ஏற்கெனவே பழுதாகிக் கிடக்கும்போது அந்த மின்சாரம் கருகலில்தான் முடியும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும். உதவி மையத்தில் பேசியவர் இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கும் வண்டியை அனுப்பப் பார்த்தார். "மின்சாரக் கார், பிளாட்பெட் மட்டும்" என்று மூன்று முறை சொல்லி, குறுஞ்செய்தியிலும் அதை எழுதி வாங்கிக்கொண்டேன். கூடுதல் நேரம் காத்திருந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வண்டியை மேலே ஏற்ற, டிக்கியில் இருக்கும் திருகு கொக்கியை முன் பம்பரின் சின்ன மூடியைக் கழற்றிப் பொருத்த வேண்டும். அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பார்த்துவைத்தால் இருட்டில் தேட வேண்டாம். சங்கிலியைச் சக்கரங்களில்தான் கட்ட வேண்டும். அடிப்பகுதியில் எங்கும் சுற்றவிடக் கூடாது.

அடிப்பகுதி என்றால் பேட்டரி. பஞ்சர் கடையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். விழுப்புரத்தைத் தாண்டி ஒரு கடையில், பழகிய கையோடு ஜாக்கியைக் காரின் நடு அடியில் தள்ளினார் கடைக்காரர். அவர் கைப்பிடியை அழுத்துவதற்குள் நிறுத்தி, கதவுக்குக் கீழே விளிம்பில் இருக்கும் இரண்டு வெட்டுக் குறிகளைக் காட்டினேன். அந்தக் குறிகள் காட்டும் இடத்தில் மட்டும்தான் ஜாக்கி. தப்பி பேட்டரிப் பெட்டியில் வைத்துத் தூக்கினால் வண்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கி, பெட்டி உள்வாங்கிவிடும். பல மின்சாரக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் கருவியும் ஒட்டுத் திரவமும்தான். காற்றடிக்கும்போது வண்டியை 'ரெடி' நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கருவி சின்ன பேட்டரியைக் குடித்துவிடும்.

வெள்ளத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கற்றுக்கொடுத்ததை, மறு ஆண்டு மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டிய கார்கள் காட்டின. மின்சாரக் காரையும் அப்படி மேட்டில் ஏற்றுவதே சரி. ஐபி67 தரச்சான்று என்று விளம்பரத்தில் சொல்வது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. அது பேட்டரிப் பெட்டிக்கான சான்று. இரவு முழுக்கச் சாக்கடை கலந்த நீரில் ஊறிய முழுக் காருக்கு அதை நீட்டிப் படிக்கக் கூடாது. மூழ்கிய வண்டியை வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள். திறந்த வெளியில் விட்டு, பயிற்சி பெற்றவரை வரவழையுங்கள்.

தீ எனக்கு நேரவில்லை. ஆனாலும் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு இந்தியாவில் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. அதனால் பயத்தோடு ஓட்ட வேண்டியதில்லை. அடியிலிருந்து புகை, சீறல், வெடிப்பது போன்ற சத்தம், இவற்றில் எது வந்தாலும் நிறுத்து, இறங்கு, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக விலகிப் போ, 112 அல்லது 101-ஐ அழை. பொருளை எடுக்கத் திரும்பக் கூடாது. காரில் வைத்திருக்கும் சின்னத் தீயணைப்பான் பேட்டரித் தீக்கு முன் நிற்காது. அதற்குப் பெருமளவு தண்ணீர் வேண்டும். அழைக்கும்போது 'மின்சாரக் கார்' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பச்சை நம்பர் பலகை வீரர்களுக்கு அடையாளம்தான். இருட்டிலும் புகையிலும் அதை நம்பியிருக்க முடியாது. அணைத்த பிறகும் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் கழித்தும் மீண்டும் பற்றலாம். பலமாக மோதிய வண்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பட்டறைக் கொட்டகைக்குள் விடாமல், கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லோரும் கேட்ட சார்ஜ் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குறைகிறது என்று தோன்றினால் வேகத்தைக் குறைப்பதே முதல் மருந்து. 100-இலிருந்து 70-க்கு வந்தாலே தூரம் கண்கூடாக நீள்கிறது. அதுவும் போதாவிட்டால் முன்னதாகவே ஓர் உணவகத்தில் ஒதுங்கி 15 ஆம்பியர் சாக்கெட் கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் கிடைக்கும். பல இடங்களில் எர்த் சரியாக இருக்காது. சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அந்தப் பாதுகாப்பை ஏமாற்றும் பிளக்குகளைச் சிலர் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். காரின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஈரக் கையோடு கதவைத் தொடும் குழந்தைதான் பலி. காரில் செருகும் சார்ஜர் முனையான கன் சிக்கிக்கொண்டால் இழுத்துப் போராடாதீர்கள். பல கார்களில் டிக்கியிலோ பானெட்டுக்கு அடியிலோ அதை விடுவிக்கும் கயிறு ஒன்று இருக்கும். கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் மலை மேல் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். இறக்கத்தில் மோட்டார் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை வாங்க நிரம்பிய பேட்டரியில் இடமிருக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும்.

இவை அனைத்தும் கையேட்டில் இருக்கின்றன. ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களுக்கு நடுவே. ஜாக்கி வைக்கும் இடம், கொக்கி மாட்டும் துளை, 12 வோல்ட் முனைகள், 'பிளாட்பெட் மட்டும்', 1033, 112 ஆகியவற்றைப் படத்தோடு ஒரே தாளில் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு ஓட்டுநர் கதவுப் பையில் வைத்திருக்கிறேன். என் மனைவி தனியாக ஓட்டிப்போகும்போது பஞ்சர் கடைக்காரரிடம் அதையே நீட்டுகிறார். அவரும் படித்துவிட்டுச் சரியான இடத்தில் ஜாக்கி வைக்கிறார். லட்சக்கணக்கில் விலை வாங்கும் கார் நிறுவனங்கள் இப்படி ஒரு தாளை அந்தந்த மாநில மொழியில் அச்சடித்துச் சாவியோடு கொடுக்க வேண்டும். நான் வண்டி எடுத்த விற்பனையகத்துக்கு இதை எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் விற்பனையகத்தில் கேளுங்கள்.