சிறு பாரும் நேரடி இசையும்: மெல்போர்னா, சிட்னியா?

நேரடி இசையோடு சிறிய பார் ஒன்றை நடத்தலாம் என்று நானும் நண்பர்கள் சிலரும் முடிவெடுத்தபோது, எந்த ஊரில் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. மெல்போர்னைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. சிட்னியில் நான் பார் நடத்தியதில்லை. அங்கு வாசித்த நண்பர்களிடம் கேட்டதும் விதிகளைப் படித்ததுமே அந்நகரைப் பற்றிய என் கணிப்புக்கு அடிப்படை.

உரிமம் பெறுவதில் இன்று இரு நகரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் 1986ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்றைத் தொடர்ந்து தன் மதுச் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கியது. மெல்போர்னின் சந்துகளில் சிறு பார்கள் முளைத்தது அதன் பயன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் இருபது ஆண்டுகள் பிந்தி, 2008இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் வழியாக அதே பாதைக்கு வந்தது. 2013இல் சிறு பாருக்கெனத் தனி உரிம வகையே உண்டாக்கி, 60 பேர் என்று வைத்த வரம்பைப் பின்னர் உயர்த்தியது. கட்டணத்தையும் மது வழங்கும் நேரத்தையும் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் முடிவை அவை அசைக்கவில்லை.

முடிவைத் தீர்மானித்தது சத்தம். இன்னும் சரியாகச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் ஒலிக்காப்புச் செலவு யார் தலையில் விழும் என்பது.

பாடகரின் குரலும் கிதாரின் மேல் சுருதிகளும் செங்கல் சுவரில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலியும், டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய முரசும். எங்கள் ஒலிப் பொறியாளர் அடுத்த கட்டிடத்தின் படுக்கையறை ஜன்னலோரம் ஒலி அளக்கும் கருவியைப் பிடித்து நின்றபோது, பாட்டின் ஒரு சொல்கூட அங்கு காதில் விழவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் தாளம் தெரிந்தது. அதைத் தடுக்கத் திரைச்சீலையோ பஞ்சுப் பலகையோ போதாது. சுவருக்குள் இடைவெளி விட்டு இன்னொரு சுவர், மேடைக்கு அடியில் ரப்பர், வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் என்று கட்டுமானத்தையே மாற்ற வேண்டும். சில டஜன் பேர் அமரும் பாரின் வருமானத்தில் இந்தச் செலவை மீட்பது எளிதன்று.

இந்த இடத்தில்தான் விக்டோரியா 2014இல் தன் நகரத் திட்டமிடல் விதிகளில் சேர்த்த ஒரு நெறி எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். ஏற்கெனவே இயங்கும் நேரடி இசைக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாக அடுக்குமாடி எழுந்தால், இரட்டைக் கண்ணாடியும் கனத்த சுவரும் போட வேண்டியவர் கட்டுபவர். பார் நடத்துபவர் அல்லர். ஆனால் இந்நெறி இருபுறமும் வெட்டும்: குடியிருப்புக்கு அருகில் புதிதாக மேடை போடுபவர் தாமே செலவழிக்க வேண்டும். அதனால்தான் பளிச்சென்ற புதிய கடையிடம் ஒன்றை விட்டுவிட்டு, முன்பே இசை நடந்துகொண்டிருந்த, கழிப்பறை ஒழுகும் பழைய இடத்தைக் குத்தகைக்கு எடுத்தோம்.

விக்டோரியாவும் இந்த அறிவை இனாமாகப் பெறவில்லை. நேரடி இசை நடந்தாலே அபாயகரமான இடம் என்று கருதிக் காவலாளிகளை வைக்கச் சொன்ன உரிம நிபந்தனைகளால் 2010 ஜனவரியில் டோட் என்ற புகழ்பெற்ற கூடம் மூடப்பட்டது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிய பிறகுதான் அரசு இசையையும் அபாயத்தையும் பிரித்துப் பார்க்க இணங்கியது.

சிட்னியின் பழைய நிபந்தனைகள் இதைவிட வேடிக்கையானவை: இன்ன வகை இசை கூடாது, மேடையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, கண்ணாடி உருண்டை தொங்கக் கூடாது என்றெல்லாம் உரிமங்களில் எழுதியிருந்தார்கள். 2014இல் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குமேல் புதிதாக எவரையும் உள்ளே விடக்கூடாது என்ற தடையும் நகரின் மையப் பகுதிகளில் வந்து சேர்ந்தது. நகர மையத்தில் 2020லும் கிங்ஸ் கிராஸ் என்ற இரவுக் கேளிக்கை வட்டாரத்தில் 2021லும் அத்தடை நீங்கியது; 2023இல் இயற்றப்பட்ட சீர்திருத்தங்கள், புகார் வந்தால் அங்கு முதலில் இருந்தவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. எழுத்தில் பார்த்தால் சிட்னி இப்போது நெருங்கி வந்துவிட்டது. எனினும் நாங்கள் கையெழுத்திட்ட நேரத்தில் அந்த ஏற்பாடு புகார்களில் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு முன்னுதாரணங்கள் போதவில்லை. பல ஆண்டுகள் பழகிய விதியின் கீழ் கடன் வாங்குவது எங்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது.

பழைய இசைக்கூடம் எதுவும் கிடைக்காமல், வெற்றுக் கடையிலிருந்து தொடங்க வேண்டியவருக்கு என் பரிந்துரை மாறும். இசைக்கென ஒதுக்கிய தனி வட்டாரமாக அறிவிக்கப்பட்டுள்ள சிட்னியின் என்மோர் சாலை போன்ற இடத்தில், ஒலி வரம்பை உள்ளூராட்சி மன்றமே வகுத்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் மெல்போர்னுக்கு முன்பதிவு செய்வதற்கு முன் என்மோர் சாலையில் ஒரு வெள்ளி இரவு நடந்து பார்த்துவிடட்டும்.