காப்பர் என்று விற்றார்கள், சுரண்டினால் வெள்ளை

வீட்டில் வயரிங் வேலை நடக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் மாடியில் ஓர் அறை கட்டினோம். கீசர் லைனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 90 மீட்டர் காயில் ஒன்று வாங்கினேன். கடையைக் காட்டியதே எலக்ட்ரீஷியன்தான். மற்ற இடங்களைவிட விலை ஆயிரத்துச் சொச்சம் குறைவு. உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, 2.5 என்ற எண், எல்லாம் பளிச்சென்று இருந்தன. பில்லில் மட்டும் 'வயர் – 1' என்று கிறுக்கியிருந்தார்கள்.

மூன்றாம் மாதம் குளியலறைப் பக்கம் மீன் வாடை. நாங்கள் சைவம், ஒரு வாரம் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டோம்! கடைசியில் பார்த்தால் 16 ஆம்பியர் சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பேறி உருகியிருக்கிறது, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடைதான் அது. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) விழவே இல்லை.

வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட இதற்கு மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. அதைவிட மோசம், சாக்கெட்டில் வயரை இறுக்கும் திருகு முனை. அலுமினியம் அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்துவிடும், மேலே ஆக்சைடு படியும். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்த முனையில் அரை ஓம் தடை ஏறினாலே 38 வாட் சூடு, சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி வைத்த மாதிரி. மின்னோட்டம் கூடவில்லை, பிறகு எம்.சி.பி. ஏன் விழப்போகிறது?

மிச்ச வயரில் ஒரு மீட்டரை உரித்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 2.5 அளவுச் செம்பு என்றால் 22 கிராம் இருக்க வேண்டும். இருந்தது 8 கிராம். அலுமினியம் செம்பைவிட ரொம்ப லேசு, தராசே காட்டிக்கொடுத்துவிட்டது.

காயிலுக்குக் காசு கொடுக்கும் முன் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். பிராண்டும் அளவும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

கடையைக் காட்டிய அந்த எலக்ட்ரீஷியன் இப்போது போனை எடுப்பதில்லை. கடைக்காரர் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கடைச் சரக்கு என்று எதில் சார் எழுதியிருக்கிறது?" என்றார். பில்லை நீட்டினேன். "வயர் என்றுதானே போட்டிருக்கிறோம், காப்பர் என்றா போட்டிருக்கிறோம்?"